இலங்கையில் குடும்பத்தோடு குளிக்க: அமைதியான, ஆழமில்லாத கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இலங்கைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஹோட்டல் பதிவு செய்வதற்கு முன்பே கேட்கும் கேள்வி, "பிள்ளைகள் குளிக்க எந்தக் கடற்கரை நல்லது?" என்பதுதான். பாசிக்குடா, நிலாவெளி, பொல்ஹேன என்று பெயர்களை அடுக்கிவிடலாம். ஆனால் பெயரை மட்டும் நம்பிப் போய், பொங்கும் கடலைப் பார்த்துவிட்டுக் கால் நனைக்காமல் திரும்பியவர்கள் ஏராளம். ஜூலை மாதத்துப் பாசிக்குடா குளம்போலக் கிடக்கும். அதே கிழமை தெற்கே மிரிசவில் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருக்கலாம். டிசம்பர் பிறந்தால் நிலைமை தலைகீழாகிவிடும்.

அதனால் கேள்வியை வேறு வரிசையில் கேட்க வேண்டும். எந்த மாதம் வருகிறீர்கள், அந்த மாதத்தில் தீவின் எந்தப் பக்கம் ஓய்ந்திருக்கும், அந்தப் பக்கத்தில் எந்தக் கரைக்கு இயற்கையான மறைப்பு இருக்கிறது, போன அன்று காலையில் கடல் எப்படி இருக்கிறது. இந்த நான்கையும் இதே ஒழுங்கில் பார்த்தால் பெரும்பாலும் பிசகாது. சிறு பிள்ளைகள், நீச்சல் தெரியாத பெரியவர்கள், முதியவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கு வேண்டிய கடல் வேறு.

முதலில் மாதம்

தீவின் கடலை இரண்டு பருவக்காற்றுகள் ஆள்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கரையோரத்தவர்கள் சோழகம் என்பார்கள். இந்த மாதங்களில் கொழும்பு, காலி, மாத்தறை என்று மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும். காற்று தரையைக் கடந்துதான் கிழக்குக்கு வரவேண்டும் என்பதால் திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகள் ஓய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது வாடை. அப்போது கிழக்கும் வடக்கும் பொங்கும், தெற்கும் மேற்கும் அடங்கும்.

இதை நாட்காட்டியாக மாற்றினால் இப்படி வரும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை தெற்கு. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கு. ஏப்ரலில் இரண்டு பக்கமும் ஓரளவு சரி, ஆனால் பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். ஒக்டோபரும் நவம்பரும்தான் சிக்கலான மாதங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் காலம் அது, எந்தப் பக்கத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடற்குளிப்பே பயணத்தின் முதன்மை நோக்கம் என்றால் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

தீவு சிறியது. வடக்கே இருந்து தெற்கே சுமார் 435 கிலோமீற்றர், அகலம் கூடிய இடத்தில் சுமார் 225 கிலோமீற்றர். ஒரு பக்கம் பொங்கினால் மறுபக்கம் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கிறது. விடுமுறைத் தேதி மாற்ற முடியாததாக இருந்தால் கரையை மாற்றுங்கள். "கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறதே" என்பதற்காக ஓகஸ்டில் தென்மேற்குக் கரையில் அறை எடுக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். "மே முதல் கிழக்கு அமைதி" என்று கேட்டு அறுகம்பைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. அறுகம்பை தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. தென்சமுத்திரத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், புயலால் கிளம்பும் நெடிய அலைகள் அந்த மாதங்களில்தான் அந்த மூலையைத் தொட்டு வளையும். அலைச்சறுக்குக்காரர்கள் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அங்கே கூடுவதன் காரணம் இதுவே. பாசிக்குடாவும் நிலாவெளியும் இன்னும் வடக்கே, அந்த அலைகளுக்கு முதுகு காட்டியபடி இருக்கின்றன. ஒரே கிழக்கு, ஒரே மாதம், ஆனால் இரண்டு வேறு கடல்கள்.

அடுத்து, கரைக்கு மறைப்பு இருக்கிறதா?

கைத்தொலைபேசியில் செய்மதி வரைபடத்தைத் திறந்து கரையை நெருங்கிப் பாருங்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இது.

முதலில் வடிவம். நேர்கோடாக நீளும் கரைக்கு மறைப்புக் கிடையாது. பிறை போல் வளைந்து, இரண்டு நுனியிலும் பாறை முனை துருத்தி நின்றால் அலை உள்ளே வருவதற்குள் வலுவிழந்துவிடும். அலை வரும் திசைப் பக்கமுள்ள முனையின் மறைவுதான் மிக அமைதியாக இருக்கும். தெற்குக் கரையில் அது பெரும்பாலும் குடாவின் மேற்கு மூலை.

இரண்டாவது நிறம். கரையை ஒட்டி வெளிர் நீலமாகவோ வெளிர் பச்சையாகவோ ஒரு பட்டை தெரிந்தால் அது ஆழம் குறைந்த இடம். பட்டை அகலமாக இருந்தால் சரிவு மெதுவானது. மணலை ஒட்டியே கடும் நீலம் தொடங்கினால் நாலு அடி வைப்பதற்குள் கால் எட்டாமல் போகலாம்.

மூன்றாவது, கரைக்கு அப்பால் கடலின் நடுவே வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அலை அங்கேயே உடைகிறது, அதாவது பவளப்பாறையோ மணல்திட்டோ அங்கே காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள தண்ணீர்தான் நீங்கள் தேடும் இடம். ஆனால் கோடு எங்கே அறுந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாறையைத் தாண்டி உள்ளே விழும் தண்ணீர் முழுவதும் அந்த வாய்க்கால் வழியாகத்தான் வெளியேறும். பிள்ளைகளை அதற்கு நேராக இறக்கக் கூடாது.

ஆறோ களப்போ கடலில் சேரும் முகத்துவாரம் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தைக் கைவிடுங்கள். அங்கே மணல் நாளுக்கு நாள் இடம் மாறும், மழைக்குப் பிறகு ஓட்டம் கடுமையாகும், தண்ணீர் அழுக்காக இருக்கும். இலங்கையின் களப்புகளிலும் ஆற்று வாய்களிலும் முதலைகளும் உண்டு. தண்ணீர் அசையாமல் கிடக்கிறதே என்று களப்புக்குள் பிள்ளைகளை இறக்குவது கடலில் இறக்குவதைவிட ஆபத்தாக முடியலாம்.

கிழக்கிலும் வடக்கிலும்

பாசிக்குடாவைத்தான் முதலில் சொல்வேன். மட்டக்களப்பிலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் அளவில், வாழைச்சேனைக்குப் பக்கத்தில், குதிரைலாட வடிவக் குடா. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ரயில் வாழைச்சேனையில் நிற்கும். கடல் ஓய்ந்த மாதங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நெடுந்தூரம் நடந்துகொண்டே போகலாம். நீச்சல் தெரியாத தாய்மாரும் பிள்ளைகளோடு நம்பி இறங்கக்கூடிய கரைகளில் இதற்கு இணை குறைவு. கவனிக்க வேண்டியவை இரண்டு. சில இடங்களில் அடியில் உடைந்த பவளக்கல் இருக்கும், வெறுங்காலைக் கீறும். படகுச் சவாரியும் நீர் விளையாட்டு இயந்திரங்களும் ஓடும் பகுதி ஒன்று இருக்கும், அதிலிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள். பக்கத்திலுள்ள கல்குடா அழகான நீண்ட கரை, ஆனால் திறந்த கரை. பெயர்கள் சேர்ந்தே சொல்லப்படுவதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, அதற்கும் அப்பால் நகரிலிருந்து சுமார் 15 கிலோமீற்றரில் நிலாவெளி. மே முதல் செப்டெம்பர் வரை இரண்டுமே நல்லவை. பாசிக்குடாவைப் போல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் இருக்காது, சற்று விரைவாகவே இறங்கும். மார்பளவுக்கு வந்ததும் திரும்பிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சரி. நிலாவெளிக்கு எதிரே கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு, 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறையும் மீன்களும் பார்க்க அருமையான இடம். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு முதற்கடலாக அது வேண்டாம். அடியெல்லாம் பவளத் துண்டுகள், ஓட்டமும் இருக்கும்.

திருகோணமலையில் அதிகம் பேசப்படாத இன்னொரு இடம் மாபிள் பீச். விமானப்படையின் பராமரிப்பில், கட்டணம் செலுத்தி உள்ளே போகும் சிறு கரை. பெரிய குடாவுக்குள் ஒதுங்கியிருப்பதால் திறந்த கடலின் அலை அதற்கு அவ்வளவாக எட்டாது. பாட்டன் பாட்டியோடு வருகிறவர்களுக்கு நிலாவெளியைவிட இதையே பரிந்துரைப்பேன்.

யாழ்ப்பாணத்தில் காரைநகரின் கசூரினா கடற்கரையும், வேலணைத் தீவின் சாட்டியும். பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது, நெடிய அலை உருண்டு வர இடமும் இல்லை. முழங்காலளவு தண்ணீரில் பிள்ளைகள் மணிக்கணக்கில் விளையாடலாம். வாடை வீசும் மாதங்களில் மட்டும் தவிருங்கள். தண்ணீர் சில நாட்களில் கலங்கலாக இருக்கும், கடற்புல்லும் காலில் படும். நீலக் கண்ணாடித் தண்ணீரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே உள்ளூர்க் குடும்பங்கள் முழு உடுப்போடுதான் குளிப்பார்கள், அதற்கேற்ற உடை எடுத்துப் போனால் உங்களுக்கும் சங்கடமில்லை.

தெற்கில்

டிசம்பர் முதல் மார்ச் வரை வருகிறவர்களுக்கு என் தெரிவு மாத்தறை நகரை ஒட்டிய பொல்ஹேன. கரைக்கு மிக அருகிலேயே பாறைத்தொடர் நின்று அலையை வெளியே நிறுத்திவிடுகிறது. இதன் சூட்சுமம் வற்றுப்பெருக்கில் இருக்கிறது. இலங்கையில் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவுதான், திறந்த கரையில் அதைப் பெரிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் பாறைக்குள் அடைபட்ட ஆழமற்ற தண்ணீரில் அரை மீற்றரும் பெரிய வித்தியாசம். நன்றாக வற்றியிருக்கும்போது முழங்கால் பவளத்தில் உரசும், கடல் முள்ளெலிகள் காலுக்கு எட்டும். நன்றாகப் பெருகியிருக்கும்போது அலை பாறையைத் தாண்டி உள்ளே விழும். இரண்டுக்கும் நடுவிலான நேரம்தான் நல்லது.

காலிக்குப் பக்கத்து உனவட்டுன ஒரு குடா, பாறை மறைப்பும் உண்டு. ஆனால் கரை முழுவதும் ஒரே மாதிரி இருக்காது, மறைப்புள்ள பகுதியைத் தேடி நிற்க வேண்டும். ஹிக்கடுவவில் கடல் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட பாறைக்கும் கரைக்கும் இடைப்பட்ட தண்ணீர் ஆழமில்லாதது, ஆமைகளும் வரும். அதே ஊரின் தெற்குப் பகுதியான நாரிகமவில் அலை உயரும், அது அலைச்சறுக்குக்காரர்களின் இடம். ஹிக்கடுவவில் தங்குகிறோம் என்றால் எந்த முனையில் என்று கேட்டு அறை எடுங்கள். வெலிகமக் குடாவில் அடி மணல், அலையும் மென்மை, ஆனால் கற்றுக்குட்டிகளின் சறுக்குப் பலகைகள் நாலாபுறமும் பாயும். தலையில் பட்டால் காயம் சிறிதாக இருக்காது.

குளிக்க வேண்டாம் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. கொழும்பு காலிமுகத்திடல் காற்று வாங்க மட்டும். கல்கிசையில் கால் நனைக்கலாம், பிள்ளைகளை நீந்த விட வேண்டாம். தங்காலையின் நீண்ட திறந்த கரை பார்க்கப் பேரழகு, ஆனால் மணல் செங்குத்தாக இறங்கும், இழுவையும் பலமானது. பெந்தோட்டையில் ஆறு கடலில் சேரும் இடத்தை அண்ட வேண்டாம்.

முதல்நாள் இரவு

வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் கடற்பரப்பு முன்னறிவிப்பு வெளியிடுகிறது, தமிழிலும் வரும். புதியவர்களுக்கு அதன் நடை குழப்பமாக இருக்கலாம். "புத்தளம் தொடக்கம் கொழும்பு, காலி ஊடாக ஹம்பாந்தோட்டை வரையான கடற்பரப்புகளில்" என்று கரையோர ஊர்களை வரிசையாகச் சொல்வார்கள். நீங்கள் போகும் ஊர் அந்த வரிசையின் நடுவில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். "ஓரளவு கொந்தளிப்பு" என்றால் பாறை மறைப்புள்ள கரைக்கு மட்டும் போகலாம். "கொந்தளிப்பு", "மிகவும் கொந்தளிப்பு" என்றால் அன்று கோயில், கோட்டை பார்க்கப் போங்கள்.

காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரென்று ஏறுவதுண்டு. தொலைதூரப் புயலின் அலை பல நாள் பயணம் செய்து வந்து சேரும்போது உள்ளூர் வானம் தெளிவாகவே இருக்கும். குமரிக் கரையில் கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். ஆகவே காற்றின் வேகத்தோடு அலை உயரத்தையும் பாருங்கள். தெற்குக் கரைக்கு இது மிக முக்கியம்.

கரையில் நின்று இருபது நிமிடம்

இவ்வளவும் பார்த்துவிட்டுப் போனாலும், கடைசித் தீர்ப்பு மணலில் நின்று எடுக்க வேண்டியது. காலையில் போங்கள். பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து, பின்னேரம் தண்ணீர் அலைக்கழியும். போனதும் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் சும்மா பாருங்கள். அலைகள் கூட்டங்கூட்டமாக வருபவை. சில நிமிடம் சின்ன அலைகள் வரும், பிறகு நாலைந்து பெரிய அலைகள் தொடர்ந்து வரும். வந்த ஐந்தாவது நிமிடத்தில் இறங்குகிறவர் இடைவெளியை மட்டும் பார்த்துவிட்டு அதுவே அந்தக் கடல் என்று நம்பிவிடுகிறார்.

பார்க்க வேண்டியதில் முதலாவது, அலை எங்கே உடைகிறது என்பது. அலை தன் உயரத்தைவிடச் சற்றே கூடிய ஆழத்தில் உடையும். அரை மீற்றர் அலை ஏறக்குறைய 60, 70 சென்ரிமீற்றர் ஆழத்தில் உடையும். வெள்ளை நுரை கரையிலிருந்து வெகுதூரத்திலேயே தொடங்கி, இரண்டு மூன்று வரிசையாகத் தளர்ந்து வந்தால் அடி மெதுவாகச் சரிகிறது என்று அர்த்தம். அதற்கு மாறாக, கரைக்கு வரும்வரை நுரையே இல்லாமல் வந்து, காலடியில் "தொம்" என்று ஒரே அடியாக விழுந்தால் அடி செங்குத்து. அப்படிப்பட்ட அலை சின்னதாக இருந்தாலும் பிள்ளையைப் புரட்டி மணலில் குத்தும், திரும்பும் தண்ணீர் காலை வாரும்.

மணலை அள்ளிப் பாருங்கள். மாவுபோல நுண்ணிய, இறுகிய மணல் என்றால் சரிவு பெரும்பாலும் மெதுவாக இருக்கும். பருமணலாகப் பாதம் புதைந்தால் சரிவு செங்குத்தாக இருக்கும். பார்த்ததும் தெரியும் இந்தச் சோதனையை ஏனோ யாரும் செய்வதில்லை.

அடுத்ததுதான் உயிரைக் காப்பது. வெள்ளை நுரைக்கு நடுவே ஒரு பட்டையில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் சற்றுக் கருமையாக, சாதுவாகத் தெரியும். புதியவர்களின் கண் தானாகவே அங்கே போகும், "இங்கே அலை இல்லை, இங்கேயே இறங்குவோம்" என்பார்கள். அதுதான் இழுவை. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் பாதை. அந்தப் பட்டையில் நுரையோ சருகோ கடலை நோக்கி நகர்கிறதா, அதன் மேற்பரப்பு மட்டும் சிலுசிலுக்கிறதா, கலங்கிய மணல் வெளியே நீள்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் காய்ந்த தென்னோலைத் துண்டொன்றை எறிந்து எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். பாறை முனை, அலைத்தடுப்புச் சுவர், இறங்குதுறை ஆகியவற்றின் ஓரத்தில் இழுவை நிரந்தரமாகவே இருக்கலாம். அவற்றின் நிழலில் குளிக்க வேண்டாம்.

பிறகு கேளுங்கள். பொலிஸ் உயிர்காப்பாளர்களோ கரையோரப் பாதுகாப்புப் படையினரோ முக்கியமான கரைகளில் கடமையில் இருப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி என்றால் அவர்கள் கண்காணிக்கும் பகுதி, அதற்குள்ளேயே குளியுங்கள். தனிச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. யாரும் இல்லாத கரையில் வலை சீர்செய்யும் கடற்றொழிலாளரிடம் போங்கள். "குளிக்கலாமா?" என்று கேட்டால் மரியாதைக்கு "ஓம், குளிக்கலாம்" என்றுதான் பதில் வரும். "ஐயா, இந்த மாதம் உங்கட பிள்ளைகள் எங்க குளிக்கிறவை? தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேளுங்கள். கையை நீட்டி இடத்தையே காட்டித் தருவார். கரைவலை இழுக்கும் இடமாக இருந்தால் கயிறு எவ்வளவு தூரம் போகிறது என்றும் அவரே சொல்வார்.

இறங்கும்போது

முதலில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் மட்டும் இறங்க வேண்டும். கரையிலிருந்து நேரே இடுப்பளவு வரை நடந்து, பிறகு கரைக்கு இணையாக இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள். மணல் அடியில் குழிகள் இருக்கும், ஒரே அடியில் முழங்காலிலிருந்து மார்புக்குப் போகும் இடங்கள் இருக்கும். பிள்ளையின் இடுப்பு எந்த இடத்தில் நனையுமோ அதுதான் பிள்ளையின் எல்லை. அந்த எல்லைக்கு வெளியே, கடல் பக்கம் முகம் பார்த்தபடி ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கண்ணுக்கெட்டும் தூரம் போதாது. மூழ்கும் பிள்ளை கத்துவதில்லை, கை அசைப்பதுமில்லை, சத்தமே இல்லாமல் தாழ்ந்துவிடும். ஆகவே தொலைபேசி பையிலேயே இருக்கட்டும்.

காற்றடைத்த வளையம், மிதக்கும் பாய், பொம்மைப் படகு இவற்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கிழக்கில் ஜூன், ஜூலை மாதங்களில் தரையிலிருந்து கடலை நோக்கிக் காய்ந்த காற்று வீசும், கச்சான் என்பார்கள். அந்தக் காற்று அலையை அமுக்கித் தண்ணீரைத் தட்டையாக்கும், பார்க்க இதைவிடப் பாதுகாப்பான கடல் இல்லை என்று தோன்றும். அதே காற்று வளையத்தில் மிதக்கும் பிள்ளையை நீங்கள் நடக்கும் வேகத்தைவிட விரைவாக வெளியே தள்ளிக்கொண்டு போகும். பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் எனக்கிருக்கும் பெரிய பயம் அலையைப் பற்றியது அல்ல, இதைப் பற்றியதுதான். கடலைப் பார்த்து நிற்கும்போது முதுகில் காற்றுப் படுகிறது என்றால் காற்றடைத்த எதையும் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள். உடலோடு வார் போட்டுக் கட்டும், அளவான உயிர்காப்பு அங்கி மட்டுமே பிள்ளைக்குத் துணை.

சேலை, நீளமான பாவாடை, டெனிம் காற்சட்டை ஆகியவை நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும். உடலை மறைக்க விரும்புகிறவர்கள் உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையுமாக அணிந்தால் வெயிலுக்கும் பாதுகாப்பு, நீந்தவும் இலகு. மது அருந்தியவர் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, பிள்ளைகளுக்குக் காவலாகவும் நிற்கக் கூடாது.

இழுவையில் யாராவது சிக்கினால் அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, அப்பால் கொண்டுபோகும், அவ்வளவுதான். வழக்கமான இழுவை விநாடிக்கு அரை மீற்றர் அளவில் ஓடும். விநாடிக்கு 2 மீற்றருக்கு மேல் ஓடுபவையும் உண்டு, அது ஒலிம்பிக் வீரர்கள் குறுகிய தூரம் நீந்தும் வேகம். எதிர்த்து நீந்திக் கரைக்கு வர முயல்வதே களைப்பித்து மூழ்கடிக்கும். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். கரையில் இருப்பவர் வெறுங்கையோடு பாய வேண்டாம். மிதக்கும் எதையாவது எறியுங்கள், வெற்றுத் தண்ணீர்ப் போத்தலானாலும் சரி. காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து போன துயரங்கள் எங்கள் கரைகளில் அதிகம்.

கடல் உயிர்களைப் பற்றிச் சுருக்கமாக: பாறைப் பக்கம் ரப்பர் காலணி போடுங்கள், முள்ளெலியும் கல்மீனும் இருக்கலாம். மணலடியில் காலைத் தூக்கி வைக்காமல் உரசிக்கொண்டே நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். திருக்கையோ கல்மீனோ குத்தினால் காயத்தைச் சுடுநீரில், தோல் வேகாத அளவான சூட்டில், வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டாம். உயிருள்ள பவளத்தின் மீது ஏறி நிற்காதீர்கள். உங்கள் கரைக்கு அமைதி தருவதே அந்தப் பவளம்தான், தேசியப் பூங்காக்களுக்குள் அதைச் சேதப்படுத்துவது குற்றமுமாகும்.

எப்போது கரையேற வேண்டும்

காற்றுத் திசை மாறினால், அலை உடையும் இடம் கரைக்கு நெருங்கினால், நீங்கள் துவாய் வைத்த இடத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பதை உணர்ந்தால், ஏறிவிடுங்கள். இடி கேட்டால் உடனே ஏறி, கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போங்கள், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியாமல் திரும்ப இறங்க வேண்டாம். இருட்டிய பிறகு குளிப்பு இல்லை. கடல் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால் சிப்பி பொறுக்க நிற்காமல் உயரமான இடத்துக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரைகளில் பலர் அப்படி நின்றுதான் போனார்கள்.

அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இரண்டும் இலவசம். ஒரு கரை பல கிலோமீற்றர் நீளும், "நிலாவெளி பீச்" என்று சொன்னால் வண்டி எங்கே வரும்? இறங்குவதற்கு முன்பே பக்கத்து ஹோட்டலின் பெயரையோ, கரைக்கு இறங்கும் ஒழுங்கையின் பெயரையோ கேட்டு, குளிக்காமல் மணலில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.